ரெண்டு சாக்குக் கண்ணாடி

ஒரு வீட்டை இடித்தால் அதில் எதுவும் வீண் போகாது என்பார் தேவேந்திரன் மேஸ்திரி. தேக்கு நிலைக்கு ஒரு ஆள் வருவான், ஓட்டுக்கு ஒரு ஆள் வருவான். கம்பியும் பைப்பும் காயலான் கடைக்குப் போகும். முழுச் செங்கல் மறுபடியும் சுவராகும், அரைச் செங்கல் அஸ்திவாரத்துக்குள் போகும். பழைய கக்கூஸ் பீங்கானைக்கூடக் கழுவி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் ஆள் கிடையாது. மரச்சட்டம் கேட்டு வருகிறவன்கூடக் கண்ணாடியைச் சுத்தியால் தட்டி உதிர்த்துவிட்டு, சட்டத்தை மட்டும் எடுத்துப் போவான். உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி, இடித்த ரப்பீஷோடு சேர்த்து டிராக்டரில் ஏற்றி எங்காவது பள்ளமான மனைக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே செம்மண் அடித்துவிட்டால் கீழே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கூட்டி அள்ளுகிற அந்த வேலை ஆரோக்கியசெல்வியுடையது.

அவளுக்கு ஊர் வில்லியனூரை ஒட்டிய ஒதியம்பட்டு. பதினாலு வயதில் நடவுக்கு இறங்கியவள். குனிந்தால் வரப்பு வரும்வரை நிமிர மாட்டாள் என்று பெயரெடுத்தவள். அவளுக்கு முப்பது வயது ஆவதற்குள் அவள் நாற்று நட்ட நிலத்தில் பாதிக்கு மேல் மனைக்கல் நட்டுவிட்டார்கள். நடவு ஆட்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். சிலர் சேதராப்பட்டு கம்பெனிகளுக்கு, சிலர் டவுனில் வீட்டு வேலைக்கு. செல்வி தேவேந்திரனின் இடிப்பு வேலைக்குப் போனாள். காலை ஏழே கால் பஸ்ஸில் போனால், சாயந்திரம் தலைமுடி முழுக்கச் சுண்ணாம்புத் தூசியோடு திரும்புவாள்.

அவள் புருஷன் ஜெயசீலன் மட்டும் நிலத்தை விடவில்லை. மனையாகாமல் மிச்சமிருந்த நிலங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் அவன்தான். எந்த மடையை எப்போது திறப்பது, யார் கழனிக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதில் அவன் சொன்னால் சொன்னதுதான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வாய்க்காலில் இறங்கி நடப்பான். செல்வி செருப்பு வாங்கி வந்தால் அது வாசலிலேயே கிடக்கும்.

"சேத்துக்கு இன்னாத்துக்குடி செருப்பு? கால் வெச்சாத்தான் தண்ணி எங்க கசியுதுன்னு தெரியும்" என்பான்.

ஒரே மகள் ஜெயப்பிரியா. அவளைப் பாகூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இருவருக்கும் பெரிய குறை என்று ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் இருக்கிற குறைதான்.

அந்த வருஷம் ஐப்பசியில் டவுனில் ஒரு பழைய மாணவர் விடுதியை இடித்தார்கள். அதன் ஜன்னல்களில் இளம்பச்சைக் கண்ணாடி. ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் புடைத்துக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் அந்தத் தினுசு வருவதில்லை. செல்வி தடவிப் பார்த்தாள், அழகாக இருந்தது. பிறகு எல்லோரும் செய்வதுபோல் உடைத்து, கூட்டி, ரெண்டு உரச் சாக்கில் கட்டினாள்.

அன்றைய லோடு ஒதியம்பட்டில் ஒரு மனைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டுப் பக்கம்தானே என்று செல்வியும் டிராக்டரில் ஏறிக்கொண்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மனைக்குத் திரும்புகிற இடத்தில் டயர் சேற்றில் இறங்கிவிட்டது. டிரைவர் மேஸ்திரிக்கு போன் போட்டான்.

"வாய்க்கா கரையிலயே தட்டிட்டு வாடா. மழ வுட்டதும் ஜேசிபி வெச்சு உள்ள தள்ளிக்கலாம்" என்றார் தேவேந்திரன்.

டிரைவர் அங்கேயே கொட்டினான். கண்ணாடிச் சாக்குகள் ரெண்டும் கட்டினபடியே மேலே கிடந்தன. அப்படியே விட்டிருந்தால் ஜேசிபி வரும்வரை சாக்குக்குள்ளேயே கிடந்திருக்கும். ஆனால் கிழியாத நல்ல சாக்கு. வீட்டுக் குளியலறையின் மேல்தகரம் ஓட்டையாகி ஒழுகிக்கொண்டிருந்தது. இந்த ரெண்டையும் பிரித்து விரித்தால் இந்த மழைக்குத் தாங்கும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். கட்டை அவிழ்த்தாள், சாக்கைத் தலைகீழாகப் பிடித்துக் கரைச் சரிவில் கொட்டினாள், நன்றாக உதறினாள், மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அடைமழை. ஜேசிபி வந்தபோது கரையில் கொட்டியதில் பாதி கரைந்து வாய்க்காலுக்குள் போயிருந்தது. மிச்சத்தை மனைக்குள் தள்ளி மண் அடித்தார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையில் ஜெயசீலன் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "முள்ளு" என்றான். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு அடுத்த நாளும் தண்ணீருக்குள் இறங்கினான். நாலாம் நாள் காய்ச்சல். பாதம் பூசணிக்காய்போல வீங்கிக் கறுத்தது. ஜிப்மருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் அவனுக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. எத்தனை வருஷமாக இருந்ததோ. காலில் மரத்துப்போன இடத்தில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அவனுக்கே தெரியவில்லை.

உள்ளே இருந்ததை எடுத்தார்கள். ஜெயசீலன் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். சாயந்திரம் செல்வி வார்டுக்கு வந்ததும் காகிதத்தைப் பிரித்துக் காட்டினான்.

"பாரு செல்வி, எவ்ளோ பெரிய துண்டு. பூ போட்டிருக்குது பாரு அதுல."

அது பூ இல்லை. நட்சத்திரம். இளம்பச்சையில் ஒன்றரை நட்சத்திரம்.

செல்வி காகிதத்தை அவசரமாக மடித்தாள். "தூக்கிப் போடுங்க அத" என்றாள்.

முதலில் ரெண்டு விரல் போனது. பிறகு பாதி பாதம். பொங்கலுக்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜெயசீலன் பேசியதெல்லாம் அதைக் கொட்டியவனைப் பற்றித்தான். காலையில் எழுந்தால் அதுதான், சோற்றில் கை வைத்தால் அதுதான்.

"எந்தப் பாவி கொட்டினானோ. அவன் கை அழுவிப் போவணும். அவன் வூட்ல வெளக்கு எரியக்கூடாது."

செல்வி சோறு போட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கையால்தான் போடுவாள். "சாப்புடுங்க" என்பாள்.

தவக்காலத்தில் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். வரிசையில் ரெண்டு முறை நின்று, தன் முறை வரும்போது விலகிப் பின்னால் போய் நின்றாள். மூன்றாவது முறை முழங்காலில் நின்றுவிட்டாள்.

"சாமி, நான் ஒருத்தரோட காலை எடுத்துட்டேன்."

"யார் காலைம்மா?"

சொன்னாள். சாமியார் கேட்டார்: "அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல சாமி."

"சொல்லிடுங்க. ஆண்டவர் மன்னிப்பாரு. ஆனா மன்னிப்பு அங்கயும் கேக்கணும் இல்ல?" என்றார். செபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்லச் சொன்னார்.

செபம் சொன்னாள். ஒருமுறை சொல்லச் சொன்னதை ஒன்பது நாள் சொன்னாள். புருஷனிடம் சொல்வது மட்டும் நடக்கவில்லை. இன்றைக்குக் காய்ச்சலாக இருக்கிறது, நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்கு மகள் வந்திருக்கிறாள், அவள் போன பிறகு சொல்லலாம். இன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தான், இன்றைக்கு வேண்டாம். இப்படியே நாள் போனது. சொல்ல முடியாதவள் வேறு ஒன்றைச் செய்ய ஆரம்பித்தாள்.

ஒரு திங்கட்கிழமை வேலை இடத்தில் தேவேந்திரனிடம் போய் நின்றாள். "மேஸ்திரி, இனிமே கண்ணாடிய நானே எடுத்துக்குறேன். ரப்பீஷ்ல போட வேணாம்."

"எடுத்து இன்னா பண்ணுவே? உனக்கு கிறுக்கு புடிச்சிக்கிச்சா?"

"எங்கனா குடுப்பேன்."

"எவனும் வாங்க மாட்டான். வாங்கறதா இருந்தா நான் வுட்டு வெச்சிருப்பனா இத்தினி வருசம்?"

அவர் சொன்னது சரிதான். வில்லியனூரில் மூன்று காயலான் கடை ஏறி இறங்கினாள். பாட்டில் என்றால் கொண்டு வா என்றார்கள். ஜன்னல் கண்ணாடி வேறு சரக்கு, பாட்டிலோடு சேர்த்து உருக்க முடியாது, தொடவே மாட்டோம் என்றார்கள். கடைசியில் கொம்யூன் பஞ்சாயத்தின் குப்பை பிரிக்கிற கொட்டகையில் சூப்பர்வைசராக இருந்த கல்பனாதான் காது கொடுத்துக் கேட்டாள். ரெண்டு மூன்று இடத்துக்கு போன் செய்து விசாரித்தும் சொன்னாள்.

"செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பேக்டரி இருக்குதாம்க்கா. பழைய ஜன்னல் கண்ணாடிய நொறுக்கி, உருக்கி, மறுபடியும் கண்ணாடியாவே பண்றாங்களாம். ஆனா முழு லோடா வேணுமாம். அதுல சட்டத்தோட ஒட்டுற புட்டிப் பசை இருக்கக்கூடாது, கம்பி வலை வெச்ச கண்ணாடி கூடாது, ரசம் பூசின முகம் பாக்குற கண்ணாடி கூடாது, கல்லு, பீங்கான் ஒரு துண்டு கூடாது. உங்களால முடியுமா?"

"முடியும்" என்றாள் செல்வி.

கொட்டகைக்குப் பின்னால் சுவரோரம் ஒரு மூலையைக் கல்பனா ஒதுக்கிக் கொடுத்தாள்.

அதிலிருந்து மூன்று வருஷம். தேவேந்திரன் வேலை மட்டுமில்லாமல், டவுனில் வேறு மேஸ்திரிகள் இடிக்கிற இடத்துக்கும் சாயந்திரத்தில் போய் நின்றாள். முதலில் விரட்டினார்கள். பிறகு, நமக்குக் கூட்டுகிற வேலை மிச்சம் என்று விட்டுவிட்டார்கள். குப்பை வண்டிக்காரர்களிடம் கெஞ்சி, கொட்டகைக்குத் திரும்புகிற வண்டியில் ஏற்றி அனுப்புவாள். ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவாள். கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டி வைத்திருக்கிற புட்டி பழசாகிக் கல்லாக இறுகியிருக்கும். உடைந்த ரம்பத் தகடால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு கண்ணாடிக்குக் கால் மணி நேரம். கையுறை கிழிந்தபிறகும் சுரண்டினாள். உள்ளங்கையில் கோடு கோடாக வெட்டு விழுந்து, ஆறி, அதன்மேலேயே மறுபடியும் விழுந்தது.

ஜெயசீலனுக்கு இது தெரிந்தபோது அவன் புரிந்துகொண்டது வேறு. தன் காலுக்காக அவள் இப்படி அலைகிறாள் என்று நினைத்தான். அது பொய்யுமில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "என் காலு போச்சேன்னு ஊர்ல ஒரு கண்ணாடிய கீழ வுட மாட்றா என் பொண்டாட்டி" என்று சொல்லிக்கொண்டான். பிறகு ஒரு நாள், "எனக்கும் கொண்டாந்து குடுடி, சும்மா தானே குந்திக்கினு இருக்கேன்" என்றான்.

அவள் மறுத்துப் பார்த்தாள். கை கிழியும் என்றாள், சர்க்கரை உடம்பு என்றாள். கேட்கவில்லை. தடித்த கையுறை வாங்கிவரச் சொல்லி, மடியில் கோணியை விரித்து, கண்ணாடியை அதன்மேல் படுக்க வைத்துச் சுரண்ட உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் பாய்ச்சுகிறவனின் பொறுமை அவனுக்கு. ஓரம் பிசிறில்லாமல் எடுப்பான். எடுத்ததும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பான். மாதக்கணக்கில் தொங்கிப்போயிருந்த முகம் நிமிர்ந்தது. கொட்டியவனைச் சபிப்பதுகூடக் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது.

அது நின்றதும் செல்வி இனி சொல்லவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். ஆறின புண்ணை எதற்குக் கிளற வேண்டும்?

ஒரு நாள் சுரண்டிக்கொண்டே அவன் சொன்னான்: "செல்வி, நாம ஒரு கண்ணாடி எடுத்தா ஒரு காலு தப்பிச்சிதுன்னு வெச்சிக்க. இதுவரைக்கும் எத்தினி காலு இருக்கும்?"

அவள் உலை கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உலை வைக்கவே இல்லை. அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

மூன்றாம் வருஷம் மாசியில் மூலை நிரம்பியது. குவியல் சுவர் மட்டத்துக்கு வந்துவிட்டது. அருள்முருகன் என்கிற டிப்பர் லாரி டிரைவரைக் கல்பனா பிடித்தாள். அவன் ஜல்லி ஏற்றுவதற்காக மதுராந்தகத்துப் பக்கம் கல் உடைக்கிற கிரஷருக்குக் காலி வண்டியாகத்தான் போவான். போகிற வண்டியில் கண்ணாடியை ஏற்றிச் செங்கல்பட்டில் இறக்கிவிட்டு, திரும்புகையில் ஜல்லி ஏற்றிக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். தேதி குறித்தாயிற்று.

அந்தச் சமயம் பார்த்து ஜெயசீலனின் மற்றக் காலில் ஒரு கொப்புளம் வந்தது. பயந்துபோய் மறுபடியும் ஜிப்மர். பதினோரு நாள் செல்வி ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. கால் தப்பியது. ஆனால் அந்தப் பதினோரு நாளில், கொட்டகையில் கண்ணாடி எடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்ட ஊர் ஜனங்கள் நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்து போட்டிருந்தார்கள். உடைந்த பீரோக் கண்ணாடி, டீ கிளாஸ், பீங்கான் தட்டு, சாமி படம். சுவருக்கு வெளியே இருந்தே எறிந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. செல்வி வந்து பார்த்து, ரெண்டு நாள் இடுப்பொடியப் பொறுக்கினாள். மேலே தெரிந்ததைப் பொறுக்கினாள். இடுக்கில் விழுந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

புதன்கிழமை விடியலில் ஜேசிபி வைத்து லாரியில் ஏற்றினார்கள். கிளம்புவதற்கு முன் வீட்டுக்கு வந்தாள். ஜெயசீலன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நானும் வந்து பாத்திருப்பேன். லாரி ஏற முடியாதே" என்றான். "எறக்கனதும் போன் பண்ணு."

பேக்டரி வாசலில் லாரியை எடை மேடையில் நிறுத்தினார்கள். தலையில் மஞ்சள் தொப்பியோடு ஒரு சூப்பர்வைசர் வந்து ஏணி போட்டு ஏறினார். நாலு இடத்தில் தோண்டி எடுத்து ஒரு தட்டில் பரப்பினார். கீழே இறங்கி வந்தபோது அவர் கையில் ரசம் பூசிய ஒரு துண்டும், வெள்ளைப் பீங்கான் ரெண்டும் இருந்தன.

"எடுக்க முடியாதும்மா" என்றார்.

"அது தெரியாம விழுந்துடுச்சிங்க. நான் பொறுக்கிடறேன் சார். இங்கயே ஓரமா குந்திக்கினு பொறுக்கிடறேன்."

"முழு லோடையும் எங்கம்மா பொறுக்குவீங்க? இந்தப் பீங்கான் உருகாது. ஒரு துண்டு உள்ள போனாலும் வர்ற கண்ணாடி எல்லாத்துலயும் புள்ளி விழும், வெடிக்கும். என் கையில இல்லம்மா."

"மூணு வருசம் சார். என் வூட்டுக்காரருக்கு கால் இல்ல. அவரும் சேந்து சுரண்டினாரு சார்."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு சுத்தமான துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் சுரண்டியிருக்கீங்க" என்றார். பிறகு காகிதத்தில் எழுதி அருள்முருகன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

செல்வி கல்பனாவுக்கு போன் செய்தாள். எல்லாம் கேட்டுவிட்டுக் கல்பனா சொன்னாள்: "அக்கா, இங்க திரும்பிக் கொண்டாந்துடாதீங்க. மூலை காலியானதும் தண்ணி தொட்டி கட்டுறதுக்கு ஆளு வந்து பள்ளம் தோண்டிட்டாங்க. எனக்கு மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும்க்கா?" அவளும் அழுதாள்.

லாரி திரும்பியது. அருள்முருகன் வெகுதூரம் வந்ததும் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திருப்பினான்.

"எங்க தம்பி?"

"நான் ஜல்லி ஏத்தணும்க்கா. இத வெச்சிக்கினு கிரஷருக்குள்ள போவ முடியாது. இங்க பழைய கல்குவாரி பள்ளம் இருக்குது. எல்லாரும் இங்கதான் தட்டுவாங்க."

"வேணாம் தம்பி. வேற எங்கனா..."

"வேற எங்கக்கா?"

பள்ளத்தின் விளிம்பில் லாரி பின்வாக்கில் போய் நின்றது. கீழே மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருந்தது. டிப்பர் தூக்கத் தொடங்கியது. முதலில் கொஞ்சமாகச் சரிந்தது, பிறகு மொத்தமும் ஒரே இரைச்சலாக இறங்கியது. பாதி தண்ணீருக்குள் போனது. மீதி சரிவு முழுக்கப் பரவி வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது.

எதிர்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். செல்வியின் வயதுதான் இருக்கும். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். காலில் செருப்பு இல்லை.

"ஏம்மா, இங்க எங்க ஆடு தண்ணி குடிக்குதும்மா! ஒரு பொம்பள கூட நிக்கிறியே, நீ சொல்லக்கூடாதா?" என்று கத்தினாள்.

அருள்முருகன் ஏறச் சொல்லி ஹாரன் அடித்தான். செல்வி ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜெயசீலன் அதே வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். "இன்னாடி போனே எடுக்கல? எறக்கிட்டாங்களா?"

சொன்னாள். பீங்கானை, பேக்டரியை, கல்குவாரியை எல்லாம் சொன்னாள். ஆடு மேய்த்தவளைப் பற்றியும் சொன்னாள். அவன் கீழே பார்த்தபடி கேட்டான். கேட்டு முடித்ததும் ஊன்றுகோலை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நகர்ந்து வந்தான்.

"சரி வுடு செல்வி. மறுபடியும் சேப்போம். இந்த வாட்டி வூட்லயே வெச்சிக்கலாம். நீ இன்னாத்துக்கு அழுவறே? நீயா கொட்டினே?"

மூன்று வருஷம் மூடி வைத்ததை அந்த ஒரு கேள்வி தூக்கிவிட்டது.

"நாந்தான் கொட்டினேன்."

"டிரைவர் தட்டினா நீ இன்னா பண்ணுவே?"

"அங்க இல்லீங்க. நம்ம வாய்க்கால்ல."

அவனுக்குப் புரியவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். விடுதி, நட்சத்திரம் போட்ட பச்சைக் கண்ணாடி, டிராக்டர் சேற்றில் மாட்டியது, உரச் சாக்கு, குளியலறை ஒழுகியது.

"ரெண்டு சாக்குக்காவா?" என்று கேட்டான். கோபமே இல்லாத குரல்.

"ஆமாங்க."

"எப்போ தெரியும் உனக்கு?"

"ஆஸ்பத்திரியிலயே. அந்தத் துண்ட காட்டினீங்களே, அப்பவே."

அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். அவள் கையில் இருந்ததுபோலவே அவன் கையிலும் வெட்டுத் தழும்புகள். "சாக்குக்குக் கொட்டினது தெரியாம பண்ணது. அத வுடு. ஆனா மூணு வருசம்... என்னிய ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிய வெச்சியேடி. குந்தவெச்சி என் கையால சுரண்ட வெச்சியேடி."

அவள் அவன் மடியைத் தொடப் போனாள். அவன் விலகவில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்த பார்வையில் அவளே எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. போட்டால் சாப்பிட்டான். புண் கட்டினால் காலைக் காட்டினான். நாலாம் நாள் மகளுக்கு அவனே போன் செய்தான். ஜெயப்பிரியா ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்து பாகூருக்குக் கூட்டிப் போனாள். மறுநாள் அவள் போனில் கேட்டாள்: "இன்னாம்மா ஆச்சி ரெண்டு பேருக்கும்? அப்பாவ கேட்டா வாயே தொறக்க மாட்றாரு."

அவன் மகளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் செல்விக்குத் தாங்க முடியவில்லை.

இடிப்பு வேலை ஓயவில்லை. தேவேந்திரன் கூப்பிட்டார், போனாள். வேறு எங்கே போவது? கண்ணாடியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டி அள்ளி லோடில் போட்டாள்.

ஆனால் அந்த ஆடு மேய்க்கிறவள் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு முறையாவது நேரில் போய், அந்தச் சரிவில் இறங்காதே, ஆட்டை இறக்காதே, காலில் ஏதாவது போட்டுக்கொள் என்று சொல்ல வேண்டும். அருள்முருகனுக்கு போன் செய்து இடத்தைக் கேட்டாள்.

"அங்க நாலஞ்சி பள்ளம் இருக்குதுக்கா. எதுல வண்டி இல்லியோ அதுல தட்டுவோம். அன்னிக்கி எதுல தட்டினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல" என்றான்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை வாங்கக்கூடப் போகாமல் கிளம்பினாள். திண்டிவனம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. கிரஷர் போர்டைப் பார்த்து இறங்கி நடந்தாள். முதல் பள்ளத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். உள்ளே கறுத்த தண்ணீர். ரெண்டாவதில் லாரிகள் வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தன. கான்கிரீட், டைல்ஸ், பழைய மெத்தை. அவளுடையது அங்கேதான் கிடந்தது என்றால், இந்நேரம் மூன்று ஆள் ஆழத்துக்குக் கீழே போயிருக்கும். மூன்றாவதுக்குப் போகிற வழியில் சங்கிலி கட்டியிருந்தது. ஆடுகள் எங்குமே தென்படவில்லை.

கிரஷர் எடை மேடையில் உட்கார்ந்திருந்த ஆளிடம் கேட்டாள்: "இங்க ஆடு மேய்க்கிற ஒரு அம்மா வருவாங்களே, பாத்தீங்களா?"

"எந்த அம்மா? பேரு இன்னா?"

பேர் தெரியாது. ஊர் தெரியாது. "என் வயசு இருக்கும்" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். "அந்த வயசுல இங்க ஆடு மேய்க்கிறவங்க எத்தினி பேர் இருப்பாங்க. எதாச்சும் சொல்லணுமா?"

செல்வி அவனிடம் சொல்லிவிட்டுப் போகலாமா என்று யோசித்தாள். யாரிடம் சொல்லச் சொல்வது? மதிய வெயிலில் ஜல்லித் தூசி புகைபோல் எழும்பி ரோட்டை மறைத்தது. பஸ் நிறுத்தம் வரை திரும்பி நடந்தாள். அங்கே நிழல் இல்லை. விழுப்புரம் பஸ் ஒன்று நிற்காமல் போனது. அடுத்தது எப்போது வரும் என்று கேட்கக்கூட அங்கே ஒருவரும் இல்லை.